அளவறிந்து அணிவோம் தலைக்கவசம்

இருசக்கர வாகனம் வாங்க முடிவெடுக்கும் குடும்பம் பல நாள்கள் ஆராய்ந்த பின்னரே கடைக்குச் செல்கிறது. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும், மாதத் தவணை எவ்வளவு, சில ஆண்டுகள் கழித்து விற்றால் என்ன விலை கிடைக்கும் என்பவை எல்லாம் அலசப்படுகின்றன. வட்டி விகிதத்தில் கால் சதவீதம் குறையுமா என்று வங்கியில் கேட்போரும் உண்டு. அது நியாயமான கேள்வியே. ஆனால் அந்த வாகனத்தில் அமரப்போகும் தலையைக் காக்கும் கவசத்திற்கு நாம் ஒதுக்கும் நேரம் பெரும்பாலும் ஐந்து நிமிடம்தான். நிறம் பிடித்து, விலை கட்டுப்படியானால் வாங்கிவிடுகிறோம்.

மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களில் 50,029 பேர் தலைக்கவசம் அணியாமல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 137 பேர். இந்த எண்ணிக்கையில் 35,692 பேர் வாகனத்தை ஓட்டியவர்கள். 14,337 பேர் பின்னிருக்கையில் அமர்ந்து சென்றவர்கள்.

அணியாததற்குச் சொல்லப்படும் காரணங்கள் நாம் அறிந்தவையே. கனமாக இருக்கிறது, வியர்க்கிறது, நெற்றி வலிக்கிறது, பக்கவாட்டில் பார்க்க முடியவில்லை. இவற்றைப் பொய்யென்று ஒதுக்க வேண்டியதில்லை. ஆயினும் இக்குறைகளுள் பெரும்பாலானவை தவறான அளவைத் தேர்ந்தெடுப்பதால் வருபவை. தலைக்குச் சரியாகப் பொருந்தும் கவசம் உறுத்துவதில்லை. உறுத்தாத கவசத்தை நாள்தோறும் அணிய முடிகிறது. விபத்து நேரத்தில் அதுவே இடம் பெயராமல் நின்று காக்கிறது. வசதிக்கும் பாதுகாப்புக்கும் அடிப்படை ஒன்றுதான்: பொருத்தம்.

கவசத்துக்குள் நடப்பது என்ன?

ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழும் ஒரு பொருள் தரையைத் தொடும்போது மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தை அடைந்திருக்கும். வாகனத்தில் அமர்ந்திருப்பவரின் தலை ஏறத்தாழ அந்த உயரத்தில்தான் உள்ளது. அதாவது, வாகனம் மெதுவாகச் சென்றாலும் தலை தரையில் மோதும் வேகம் குறைவானதன்று. "பக்கத்துத் தெருவுக்குத்தானே" என்று கவசத்தை வீட்டில் வைத்துச் செல்வோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வெறும் தலை கெட்டியான சாலையில் மோதினால், அந்த வேகம் முழுவதும் சில மில்லிமீட்டர் தொலைவுக்குள் நின்றாக வேண்டும். அந்த அதிர்ச்சியை மூளை தாங்குவதில்லை. கவசத்தின் வெளி ஓடு மோதலின் விசையைப் பரந்த பரப்பில் பகிர்கிறது; கூர்மையான கல் தலையைத் துளைக்காமல் தடுக்கிறது. உள்ளே இருப்பது, நாம் தெர்மாகோல் என்று அழைக்கும் பொருளின் அடர்த்தி மிகுந்த வகை. சில சென்டிமீட்டர் தடிப்புள்ள இந்த அடுக்கு நசுங்கிக்கொடுத்து, தலை நிற்பதற்கான தொலைவைக் கூட்டுகிறது. நிற்கும் தொலைவு பல மடங்கு கூடும்போது, தலை ஏற்கும் விசை அதற்கேற்பப் பல மடங்கு குறைகிறது. தோலைத் தொடும் மென்மையான பஞ்சுறை வசதிக்கானது. உயிரைக் காப்பது அதன் பின்னால் மறைந்திருக்கும் அந்த வெண்ணிற அடுக்கே.

இந்தப் பயனை மருத்துவ உலகம் கவனிக்கத் தொடங்கியதற்கு ஒரு விபத்தும் காரணம். 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று அறியப்பட்ட டி.இ. லாரன்ஸ், 1935ஆம் ஆண்டு மே மாதம் இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு, ஆறு நாள்கள் நினைவு திரும்பாமலே இறந்தார். அவர் தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. அவருக்குச் சிகிச்சை அளித்தவர்களுள் ஒருவரான நரம்பியல் அறுவை மருத்துவர் ஹியூ கெய்ன்ஸ், பின்னர் மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து, 1941இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கவசத்தின் தேவையை வலியுறுத்தி எழுதினார். பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்ட 2008ஆம் ஆண்டின் காக்ரேன் ஆய்வறிக்கை, தலைக்கவசம் தலைக்காய வாய்ப்பை 69 சதவீதமும் உயிரிழப்பு வாய்ப்பை 42 சதவீதமும் குறைப்பதாகக் கணித்தது.

முத்திரையைப் படியுங்கள்

இந்தியாவில் 2021 ஜூன் 1 முதல், இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற இருசக்கர வாகனத் தலைக்கவசங்களை மட்டுமே தயாரிக்கவும் விற்கவும் வேண்டும் என்பது விதி. ஆயினும் சாலையோரங்களில் முத்திரை இல்லாதவையும் போலி முத்திரை ஒட்டியவையும் விற்கப்படுகின்றன. எனவே, முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தாமல் அதைப் படிக்கவும் வேண்டும்.

உண்மையான முத்திரையின் மேற்பகுதியில் ஐ.எஸ். 4151 என்ற தர எண் இருக்கும். கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். தர நிர்ணய அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' என்ற கைபேசிச் செயலியில் அந்த உரிம எண்ணைப் பதிந்தால், எந்த நிறுவனத்திற்கு, எந்தப் பொருளுக்கு உரிமம் வழங்கப்பட்டது என்பது தெரிந்துவிடும். கடையில் நின்றபடியே செய்யக்கூடிய சோதனை இது.

கட்டுமானப் பணியாளர்களுக்கான தொப்பிக்கு உரிய தர எண் ஐ.எஸ். 2925. மேலிருந்து விழும் பொருள்களிலிருந்து காக்க வடிவமைக்கப்பட்ட அத்தொப்பி சாலை விபத்தில் பயன்தராது. கிரிக்கெட் கவசத்திற்கும் மிதிவண்டிக் கவசத்திற்கும் இதுவே பொருந்தும்.

அளவு காண்பது எப்படி?

துணி தைக்கும் அளவு நாடா ஒன்று போதும். புருவங்களுக்கு மேல் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் உயரத்தில், காதுகளுக்கு மேலாக, பின்தலையின் புடைப்பைச் சுற்றி நாடாவை வைத்து அளக்க வேண்டும். இருமுறை அளந்து, பெரிய அளவைக் கொள்க. நம் நாட்டுக் கவசங்களின் உட்புறத்தில் 560, 580, 600 என்று மில்லிமீட்டரில் அளவு குறிக்கப்பட்டிருக்கும். தலைச் சுற்றளவு 58 சென்டிமீட்டர் எனில் 580இலிருந்து தேடத் தொடங்கலாம். நிறுவனத்திற்கு நிறுவனம் உள்வடிவம் மாறும் என்பதாலும், சிலருக்குத் தலை நீள்வட்டமாகவும் சிலருக்கு உருண்டையாகவும் இருக்கும் என்பதாலும் அணிந்து பார்ப்பது இன்றியமையாதது.

கவசத்தின் இரு வார்களையும் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்து அணியுங்கள். பின்வரும் நான்கையும் சோதியுங்கள்:

1. கன்னங்களை உறை இலேசாக அழுத்த வேண்டும். புதிய கவசம் சற்று இறுக்கமாகத் தோன்றுவது இயல்பு. பயன்பாட்டில் பஞ்சுறை படிந்து இளகும். அணிந்ததும் மிகத் தளர்வாக, 'சுகமாக' இருப்பது பெரும்பாலும் ஓர் அளவு பெரிதாகவே இருக்கும்.

2. கவசத்தை இரு கைகளாலும் பிடித்து இடம் வலமாகத் திருப்புங்கள். நெற்றித் தோலும் கன்னமும் கூடவே அசைய வேண்டும். தலை நிற்கக் கவசம் மட்டும் சுழன்றால் அது பெரியது.

3. தாடை வாரை மாட்டிக்கொண்டு, கவசத்தின் பின்விளிம்பைப் பிடித்து முன்னோக்கித் தூக்குங்கள். கழன்று வந்தால் அதை வாங்கக் கூடாது. வாருக்கும் தாடைக்கும் இடையே இரண்டு விரல்களுக்கு மேல் இடைவெளி இருத்தலாகாது.

4. கடையிலேயே பத்துப் பதினைந்து நிமிடம் அணிந்திருங்கள். கழற்றியதும் கண்ணாடியில் பாருங்கள். நெற்றியில் ஓரிடத்தில் மட்டும் சிவந்து வலித்தால், அந்த வடிவம் உங்கள் தலைக்கு ஏற்றதன்று. வேறு நிறுவனத்தின் கவசத்தைப் பாருங்கள்.

மூக்குக்கண்ணாடி அணிவோர் அதனுடனே சோதிக்க வேண்டும். கூந்தலைப் பின்னியோ முடிந்தோ செல்வோர், நாள்தோறும் எப்படிச் செல்வார்களோ அப்படியே கடைக்குச் செல்வது நன்று. உச்சியில் போட்ட கொண்டை கவசத்தை முழுமையாக இறங்கவிடாது. பிடரிக்குக் கீழே தாழப் பின்னுவதே ஏற்றது.

எந்த வகை?

முகம் முழுவதையும் மூடும் வகையே தாடையையும் காக்கிறது. முன்புறமாக விழும்போது தாடையும் முகமும் அடிபடும் வாய்ப்பு மிகுதி. நெடுஞ்சாலையில் செல்வோருக்கு இதைத் தவிர வேறு வகையைப் பரிந்துரைக்க இயலாது. முகம் திறந்த வகை காற்றோட்டமானது. தலையைக் காக்கும், தாடையைக் காக்காது. உச்சந்தலையை மட்டும் மூடும் சட்டி போன்றவை காவலரின் கண்ணுக்குக் கவசம்போல் தோன்றலாம். காதோரத்தையும் பின்தலையையும் அவை காக்கமாட்டா.

மே மாத நாக்பூர் வெயிலில் வெளிர்நிறக் கவசமும் திறந்து மூடும் காற்றுத் துளைகளும் உதவும். கழற்றித் துவைக்கக்கூடிய உள்ளுறையைக் கேட்டு வாங்குங்கள். வியர்வை நாற்றமும் தலை அரிப்பும் துவைக்காத உறையால் வருபவை. மெல்லிய பருத்தித் தலைத்துணி அணியலாம். தடித்த துண்டைச் சுற்றினால் அளவே மாறிவிடும். மும்பை மழையிலும் தில்லியின் பனிமூட்டத்திலும் வைசரில் ஆவி படியும். காற்றுத் துளைகளைத் திறந்து வைப்பது அதைக் குறைக்கும். கருநிற வைசர் பகலுக்கு மட்டுமே உரியது. கீறல் விழுந்த வைசர் இரவில் எதிர்வரும் விளக்கொளியைச் சிதறடித்துக் கண்ணைக் கூசவைக்கும். அதை மட்டும் தனியே வாங்கி மாற்றலாம்.

பின்னிருக்கைக்கும் ஒன்று

மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு, நான்கு வயதுக்கு மேற்பட்ட அனைவரும், ஓட்டுபவராயினும் உடன் செல்பவராயினும், தலைக்கவசம் அணிய வேண்டும் என்கிறது. தலைப்பாகை அணிந்த சீக்கியர்களுக்கு விலக்கு உண்டு. மீறினால் 1,000 ரூபாய் அபராதமும் மூன்று மாத ஓட்டுநர் உரிமத் தகுதியிழப்பும் 194டி பிரிவில் விதிக்கப்பட்டுள்ளன. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை அழைத்துச் செல்லும்போது, குழந்தையை ஓட்டுநருடன் பிணைக்கும் பாதுகாப்பு வாரும் குழந்தையின் அளவுக்கேற்ற கவசமும் வேண்டும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. இவ்விதி 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. தந்தையின் கவசத்தைப் பிள்ளைக்குக் கவிழ்ப்பது பாதுகாப்பாகாது.

மற்றொன்றையும் வாடிக்கையாளர்கள் அறிதல் வேண்டும். வாகனக் காப்பீட்டுடன் எடுக்கப்படும் 15 லட்சம் ரூபாய் கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடு, ஓட்டுநர் உரிமம் உள்ள வாகன உரிமையாளருக்கானது. பின்னால் அமரும் மனைவிக்கோ பெற்றோருக்கோ அது பொருந்தாது. 18 முதல் 70 வயது வரையிலான ஒவ்வொருவரும் தம் வங்கிக் கணக்கின் வழியாக, ஆண்டுக்கு 20 ரூபாய் செலுத்தி, 2 லட்சம் ரூபாய்க்கான பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் சேரலாம். வீட்டில் யார் யார் இதில் சேர்ந்துள்ளனர் என்பதை ஒருமுறை சரிபாருங்கள். காப்பீடு குடும்பத்தின் பணத் தேவைக்கு உதவும். தலைக்கு உதவுவது கவசம் ஒன்றே.

பராமரிப்பும் ஆயுளும்

நசுங்கிய உள்ளடுக்கு பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. ஆகவே, ஒரு விபத்தைச் சந்தித்த கவசம் வெளியே கீறலின்றி இருந்தாலும் மாற்றப்பட வேண்டியதே. பிறர் பயன்படுத்திய கவசத்தை வாங்காமல் இருப்பதற்கும் காரணம் இதுதான். அதன் கடந்த காலம் நமக்குத் தெரியாது. விபத்தின்றிப் பயன்பட்டாலும் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் மாற்றிவிடுவது நலம்.

வாகனத்தின் பக்கவாட்டுக் கண்ணாடியில் கவசத்தைக் கவிழ்த்து மாட்டும் வழக்கம் உள்ளடுக்கில் பள்ளம் ஏற்படுத்தும். பெட்ரோல், தின்னர் போன்றவை ஓட்டையும் உள்ளடுக்கையும் அரிக்கும். சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்தால் போதும்.

ஒரு சிறு கணக்கு

ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற கவசங்கள் ஏறத்தாழ 1,000 ரூபாயிலிருந்தே கிடைக்கின்றன. 2,000 ரூபாய்க் கவசத்தை நான்கு ஆண்டுகள் பயன்படுத்தினால், நாள் ஒன்றுக்கு ஆகும் செலவு ஒன்றரை ரூபாய்க்கும் குறைவு. விலை கூடிய கவசமே சிறந்தது என்பதில்லை. முத்திரை பெற்றவற்றுள் உங்கள் தலைக்குப் பொருந்துவதே உங்களுக்குச் சிறந்தது.

புதிய வாகனம் வாங்கும்போது, தர நிர்ணயத்திற்கு உட்பட்ட கவசம் ஒன்றை வழங்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. அதைக் கேட்டுப் பெறுங்கள். பெறும்போதே அளவைச் சோதித்து, பொருந்தாவிட்டால் மாற்றிக் கேளுங்கள். இரண்டாவது கவசத்தின் விலையை வாகனச் செலவுத் திட்டத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். அதை வாங்கச் செல்லும்போது, பின்னிருக்கையில் அமரப்போகிறவரையும் கடைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அவருடைய தலைக்கான அளவை வேறெவரும் அணிந்து பார்த்துச் சொல்ல இயலாது.