மேட்டில் திணறும் பழைய கார்

போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. மேடும் பள்ளமுமான இந்த ஊரில் பழைய காருக்கு உடம்பு சரியில்லை என்பது சீக்கிரமே தெரிந்துவிடும். நேற்று வரை மூன்றாவது கியரில் ஏறிய மேட்டுக்கு இன்று இரண்டாவது கியர் கேட்கும். “வண்டி இழுக்கவே மாட்டேங்குது” என்றபடி ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நிற்பார்கள்.

மாருதி 800-ஐ எடுத்துக்கொள்வோம். 1983 டிசம்பரில் சாலைக்கு வந்து, 2014 தொடக்கத்தில் உற்பத்தி நின்ற கார். 796 சிசி எஞ்சினில் மூன்றே சிலிண்டர். அதில் ஒன்று மிஸ் அடித்தாலே பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். எது என்று கண்டுபிடிக்க, கார்பரேட்டர் வண்டிகளில் பழைய வழி ஒன்று உண்டு. எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, ரப்பர் உறை போட்ட குறடால் பிளக் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்ட வேண்டும். கழற்றியதும் எஞ்சின் தடுமாறினால் அந்தச் சிலிண்டர் வேலை செய்கிறது. கழற்றிய பிறகும் சத்தம் மாறாவிட்டால் கோளாறு அங்கேதான்.

அந்தமானில் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஈரத்தை. இரண்டு பருவமழையும் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. கொட்டும் இடம், மழை விட்டாலும் கடலின் உப்புக்காற்று விடாது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உட்புறத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், மயிரிழை போலக் கருப்புக் கோடு ஒன்று தெரியலாம். பிளக்குக்குப் போக வேண்டிய மின்சாரம் அந்தக் கோட்டின் வழியே கசிகிறது. ஈரம் மட்டுமென்றால் துணியால் துடைத்தாலே போதும். கோடு விழுந்துவிட்டால் மூடியை மாற்றத்தான் வேண்டும். வயர்கள் கசிவதை இருட்டில் பானட்டைத் திறந்து பார்க்கலாம். மேலெல்லாம் நீலப் பொறி ஓடும்.

அடுத்தது பெட்ரோல். பாதி காலியான டேங்கில் இரவில் நீர் கோத்துக்கொள்ளும். அது அடியில் தங்கித் துருவைக் கிளப்ப, துரு ஃபில்டரை அடைக்கும். சமதரையில் ஒழுங்காகப் போகிற வண்டி மேட்டில் மட்டும் திணறும். சில கிலோமீட்டர் ஓடிய பிறகு திணறினால் டேங்க் மூடியைத் தளர்த்திப் பார்க்கலாம். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளைதான் அடைத்திருக்கிறது.

எல்லாப் பழியும் எஞ்சினுடையதல்ல. எஞ்சின் உறுமியும் வேகம் கூடாவிட்டால் கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கும். ஓடி நின்றதும் ஒரு சக்கரம் மட்டும் தகித்தால், துருவேறிய பிரேக் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இவை எதுவுமில்லை என்றால்தான் கம்ப்ரஷன் பார்க்க வேண்டும். அளவு குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளக்கும்போது அளவு ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட்.

இந்த வரிசையைத் தாண்டி, ஊகத்தில் பார்ட்ஸ் மாற்றுவது தீவுவாசிக்குக் கட்டுப்படியாகாது. கடையில் இல்லாத சாமான் சென்னையிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ கப்பலேறி வர வேண்டும். வடக்கே போகிறவர்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. ஜிர்காடாங்கிலிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் வரை ஜாரவா மக்களின் காட்டுக்குள், காவல் துணையோடு வரிசையாகத்தான் வண்டிகள் போக வேண்டும், வழியில் நிறுத்தக்கூடாது. அதனால் முந்தின நாளே பிளக்கைக் கழற்றிப் பார்த்துவிடுவது நல்லது. முனை இளம்பழுப்பாக இருந்தால் எரிப்பு சரி. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை.