வாசல் தலையில் புகைபோக்கி

இங்கிலாந்தின் லிங்கன் நகரில் கதீட்ரலுக்கு ஏறும் தெருவுக்கு ‘ஸ்டீப் ஹில்’ என்று பெயர். ஏறுகிறவர்கள் பாதியில் நின்று மூச்சு வாங்குவார்கள், அவ்வளவு செங்குத்து. அந்த ஏற்றம் தொடங்குவதற்குச் சற்று முன் இருக்கிறது ‘ஜூஸ் ஹவுஸ்’ என்னும் யூதர் வீடு. 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், அந்த வட்டாரத்துச் சுண்ணாம்புக் கல்லில் எழுந்தது. ஊரில் பெரும்பாலான வீடுகள் மரத்தில் நின்ற காலத்தில் கல்வீடு என்றாலே பணக்கார வீடுதான்.

கீழே கடை, மேலே குடும்பம். தெருவாசல் நேராகப் பின்கட்டுக்கு நடை விடும். நடையின் இரு பக்கமும் வியாபாரம். மாடியில் கூடம். அந்தக் காலத்துக் கூடங்களில் நடுத்தரையில் தீ மூட்டுவார்கள், புகை கூரை வழியே போகும். மாடியின் மரத்தளத்தில் அது நடக்கிற காரியமா? எனவே கணப்பை முன்சுவருக்குத் தள்ளினார்கள். கீழே கணப்பு இல்லாததால் புகைபோக்கிக்கு அடியில் ஆதாரமில்லை. கொத்தனார் வாசல் வளைவையே முன்னுக்கு இழுத்து, அதன் தலையில் பாரத்தை ஏற்றிவிட்டார். பின்னல் வேலைப்பாடு செதுக்கிய அந்த வளைவை வெறும் அலங்காரம் என்று கடந்துபோகிறவர்களே அதிகம். என் கணக்கில் வீட்டின் ஆகச் சிறந்த யோசனை அதுதான்.

மாடியில் இரட்டை வளைவு ஜன்னல்களின் அடையாளம் இன்றும் தெரிகிறது. தரைத்தளத்தில் அப்படி எதுவும் மிஞ்சவில்லை. சரக்கைத் தெருவுக்குக் காட்டவேண்டிய கடைக்காரர்கள் கல்லை வெட்டிப் பெரிய திறப்புகளை வைத்துக்கொண்டார்கள். இதற்காக வருத்தப்படும் கட்டடக்கலை அன்பர்கள் உண்டு. எனக்கு அவ்வளவு வருத்தமில்லை. வாடகை வராத பழைய வீட்டை யார் இத்தனை நூற்றாண்டு இடிக்காமல் விட்டுவைப்பார்கள்? அண்மைக் காலத்தில் அங்கே உணவகம் நடந்தது.

பெயருக்குப் பின்னால் இருப்பது கசப்பான கதை. இந்த வீட்டோடு சேர்த்துப் பேசப்படும் பெலாசெட் என்ற யூதப் பெண்மணியை, வெள்ளி நாணயங்களின் விளிம்பைச் சுரண்டியதாகக் குற்றம் சாட்டித் தூக்கிலிட்டார்கள். 1290இல் முதலாம் எட்வர்ட் நாட்டிலிருந்த யூதர் எல்லோரையுமே வெளியேற்றினார்.

மேட்டில் இன்னும் கொஞ்சம் ஏறினால் ‘நார்மன் ஹவுஸ்’. அதையும் நெடுங்காலம், 1186இல் இறந்த பெருஞ்செல்வர் லிங்கன் ஆரோனின் வீடு என்றே சொல்லிவந்தார்கள். ஆதாரமில்லை என்று பின்னர் கைவிட்டார்கள். ஆனால் அமைப்பு அதேதான்: கீழே கடை, மேலே வீடு.