பித்தளைக் கழுத்தும் அமோனியாவும்

ரைபிள் தோட்டாவில் ரவையைக் கவ்விப் பிடிப்பது பித்தளைக் கூட்டின் கழுத்து. சுடும்போது மருந்தின் அழுத்தத்தால் அந்தக் கழுத்து விரிந்து துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. வாயு பின்பக்கம் கசியாமல் அடைபடுவது அதனால்தான். அழுத்தம் தணிந்ததும் பித்தளை சற்றே சுருங்கும். ஆனால் பழைய அளவுக்குத் திரும்பாது. அந்தக் காலிக் கூட்டில் புது ரவையைச் செருகினால் நிற்காமல் ஆடும்.

ஆகவே மறுபடி மருந்து நிரப்புவோர் கூட்டை எஃகு அச்சுக்குள் அழுத்தி முதலில் கழுத்தைச் சுருக்குகிறார்கள். அச்சின் நடுத்தண்டில் இருக்கும் குமிழ், கூட்டை வெளியே இழுக்கும்போது கழுத்தின் உட்புறத்தைச் சரியான அளவுக்கு விரித்துவிடுகிறது. உள்விட்டம் ரவையின் விட்டத்தைவிடச் சுமார் 0.05 மில்லிமீட்டர் குறைவாக இருந்தால் பிடிப்பு போதும். இந்தப் பிடிப்பு கூட்டுக்குக் கூடு மாறினால் குறியும் சிதறும்.

சிக்கல் இதற்குப் பிறகுதான். தோட்டாக் கூட்டின் பித்தளையில் 70 விழுக்காடு செம்பு, 30 விழுக்காடு துத்தநாகம். சூடேற்றாமல் வளைத்தாலும் அழுத்தினாலும் இந்தக் கலவை இறுகும். ஒவ்வொரு முறை சுடும்போதும் கழுத்து விரிகிறது, அச்சில் சுருங்குகிறது. இறுக்கம் ஏறிக்கொண்டே போய் ஒருநாள் நெடுக்காகப் பிளந்துவிடுகிறது. பரிகாரம் நெருப்புதான். பாத்திரம் அடிக்கும் கன்னார், தகடு இறுகியதும் உலையில் காய்ச்சி இளக்கிய பிறகே மீண்டும் சுத்தியலை எடுப்பார். தோட்டாவில் கழுத்தை மட்டுமே காய்ச்ச வேண்டும். அடிப்பகுதி இளகினால் வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்காது, சுடுபவருக்கே ஆபத்து. ராணுவத் தோட்டாக்களின் கழுத்தருகே தெரியும் நீலமும் பழுப்புமான நிறம் அப்படிக் காய்ச்சியதன் அடையாளம்.

காய்ச்சாமல் விட்ட பித்தளை சுடப்படாமலே பிளப்பதும் உண்டு. பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த தோட்டாக்கள் தாமாகவே வெடிப்பு விட்டன. காரணத்தை 1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவர் விளக்கினார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அமோனியா ஈரக்காற்றோடு சேர்ந்து, உள்ளே இழுவிசை தங்கியிருக்கும் பித்தளையை அதன் உலோக மணிகளின் எல்லையோரமாக அரித்துப் பிளக்கிறது. இழுவிசை, அமோனியா, ஈரம் மூன்றும் கூடினால்தான் இது நடக்கும். மிதமாகச் சூடேற்றி இழுவிசையைப் போக்கிவிட்டால் வெடிப்பு நின்றுவிடும்.

மலேசியாவில் தோட்டா நிரப்புவது வீட்டில் வைத்துச் செய்யும் வேலை அல்ல. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருப்பதும் செய்வதும் குற்றம். ஆனால் அந்த லாயத்தில் இருந்த அமோனியா மலாக்காத் தோட்டங்களுக்குப் புதியதல்ல. 1896இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் வணிகத்துக்காக ரப்பர் நட்டார். அதன்பின் மலாக்காவில் பெருகிய தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் வெட்டிய தமிழர்களுக்கு அந்த நெடி நன்றாகவே தெரியும். மரத்தில் பால் பிடிக்கும் மங்கிலிருந்து வாளிக்கு வந்த ரப்பர் பால் உறையாமல் இருக்க அமோனியாதான் கலப்பார்கள். இந்த ஊரின் ஈரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எனவே ரப்பர் பால் ஸ்டோரில், அச்சில் அழுத்தியோ தகட்டை வளைத்தோ செய்து, சூடேற்றி இழுவிசையைப் போக்காமல் விட்ட பித்தளை உருப்படி நெடுநாள் தாங்காமல் போகலாம். லயத்து மாட்டுக் கொட்டகையில் தொங்கவிட்ட பித்தளைத் தகட்டுச் செம்புக்கும் அதே கதி நேரலாம். வார்த்துச் செய்த குத்துவிளக்கில் உள் இழுவிசை குறைவு என்பதால் அதற்கு இந்தப் பயம் அவ்வளவாக இல்லை.

கேடு பித்தளையோடு நிற்பதும் இல்லை. அமோனியா செம்பைக் கரைக்கும். கரைந்த செம்பு பாலில் கலந்தால், மிகச் சிறிய அளவிலேயே ரப்பரைச் சீக்கிரம் பிசுபிசுக்கவும் நையவும் வைத்துவிடும். அமோனியா கலந்த பால் படும் இடத்தில் பித்தளைக் குழாயோ வால்வோ பொருத்தக் கூடாது. அங்கே துருப்பிடிக்காத எஃகுதான் சரி.