எமனுக்கு ஒரு கணக்கப்பிள்ளை
(பாதாள ராஜாக்கள் – 6)

கிரேக்கத்து ஹேடிஸுக்குப் பாதாளம் கிடைத்தது சீட்டுக் குலுக்கலில். ஸீயஸுக்கு வானம், பொசைடனுக்குக் கடல், மூத்தவனான இவனுக்கு மண்ணுக்கடியில் இருட்டு. போன வாரம் அதைப் பார்த்தோம். நம்ம எமன் குலுக்கலில் வந்தவனில்லை. மனிதர்களில் முதலில் செத்து, அந்தப் பாதையைக் கண்டுபிடித்தவன் என்கிறது வேதம்.

கோவில் விஷயத்தில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே கதிதான்: கிடைப்பதே அபூர்வம். ஹேடிஸுக்கு ஈலிஸ் நகரில் ஒரு கோவில் இருந்தது. வருடத்துக்கு ஒரே நாள்தான் திறப்பார்களாம், பூசாரி மட்டும்தான் உள்ளே போவாராம். எமனுக்கு ஸ்ரீவாஞ்சியத்தில் தனிச் சந்நிதி உண்டு. அவனுடைய கணக்கர் சித்திரகுப்தருக்குக் காஞ்சிபுரத்தில் தனிக் கோவிலே இருக்கிறது! இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் மாரியம்மன் இருக்கிறாள், முனியாண்டி இருக்கிறார், கவ்வாத்துச்சாமிகூட இருக்கிறார். எமனுக்கு ஒரு கல் நட்டு நான் பார்த்ததில்லை.

அவன் வருவது மாசியில், காமன் கூத்து நடக்கும் பொட்டலுக்கு. அமாவாசை கழிந்து கம்பம் ஊன்றினால் ரதி, மதன், தூதன், வீரபத்திரன் என்று வேஷங்கள் ஒவ்வொன்றாக இறங்கும். அதில் எமனும் ஒருவன். முகமெல்லாம் கரி, கையில் கயிறு. தப்புச் சத்தம் ஏற ஏற அவன் உருட்டி முழிப்பான். முன்வரிசைப் பொடியன்கள் கயிற்று நுனியை இழுத்துவிட்டு ஓடுவார்கள். கிரேக்கர்கள் ஹேடிஸ் பேரைச் சொல்லவே பயந்து, 'செல்வம் தருபவன்' என்ற பொருளில் புளூட்டோன் என்று சுற்றி வளைத்துக் கூப்பிட்டவர்கள். நம்ம சனம் எமனோடு விளையாடுகிறது.

தோட்டத்தாருக்கு அவன் புதியவன் இல்லை என்பதுதான் காரணமென்று எனக்குப் படுகிறது.  ஹேடிஸின் பாதாளத்தில் தீர்ப்புச் சொல்ல மினோஸ், ரடமந்திஸ், ஐயகஸ் என்று மூன்று பேர் தனியாக இருந்தார்கள். எமலோகமோ முழுக்க முழுக்கக் கணக்கு ஆபீஸ். பேர் எழுதுவது, பேரை வெட்டுவது எல்லாம் செக்ரோல் என்ற பேர்ப்பதிவேட்டைப் பார்த்த சனத்துக்குப் பழகிய சங்கதி. கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். கடனை ஒரு துண்டில் எழுதி, அதைத் தீர்க்கும் கங்காணியிடம் ஆளையே ஒப்படைத்த காலம் 1921-இல் சட்டம் வந்துதான் ஒழிந்தது. இதையெல்லாம் பார்த்தவர்களுக்குச் சித்திரகுப்தன் இன்னொரு கணக்கப்பிள்ளை, அவ்வளவுதான்.

எமனுக்கு மேலேயும் ஒரு தொரை உண்டு. மார்க்கண்டேயனைப் பிடிக்கப் போய்ச் சிவனிடம் உதை வாங்கிய இடம் திருக்கடையூர். காமன் கூத்திலும் மதனை எரிப்பவர் சிவன்தான். ரதி அழுது கேட்டதும் அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி மதனைத் திருப்பிக் கொடுப்பவரும் அவர்தான். கிரேக்கத்திலோ, செத்த மனைவியை மீட்கப் போன ஓர்ஃபியஸ் யாழ் வாசித்து ஹேடிஸின் மனதையே இளக்கினான்; ஆனால் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நிபந்தனை. வாசல் வரை மனைவியைக் கூட்டி வந்தவன் திரும்பிப் பார்த்தான், அவள் போய்விட்டாள். ரதிக்கு அப்படி ஒரு நிபந்தனை போடவில்லை.

நிபந்தனைக்குப் பேர்போனவள் ஹேடிஸின் மனைவி பெர்சிஃபனி. மாதுளை முத்துகளைத் தின்றதற்காக வருடா வருடம் பாதாளத்துக்குத் திரும்ப வேண்டியவள். அவள் கதை அடுத்த வாரம்.