சிறு சுழற்கருவியும் பழைய வீடும்

வெள்ளவத்தையில் கடலை நோக்கிய சாளரங்களின் பிணைச்சல்களை உப்புக்காற்று விரைவில் அரித்துவிடுகின்றது. துருவேறிய திருகாணியின் தலை தேய்ந்துபோனால் திருப்புளிக்குப் பிடி கிடைப்பதில்லை. அத்தலையின் குறுக்கே புதிய வெட்டொன்றைப் பதித்தால் ஆணி பெரும்பாலும் கழன்றுவிடும். அதற்கு ஏற்றது கையடக்கமான சுழற்கருவி. அமெரிக்காவின் றசீன் நகரில் அல்பேட் டிறெமெல் 1930களில் உருவாக்கிய கருவியின் வழிவந்த மலிவான வகைகள் இன்று கொழும்பில் கிடைக்கின்றன. பெட்டியோடு வரும் எண்ணற்ற முனைகளைக் கண்டு மயங்கவேண்டியதில்லை, பத்துக்கூடப் பயன்படா.

இதன் வலிமை வேகத்திலேயே உள்ளது. நிமிடத்துக்கு 30,000 சுற்று வரை சுழலும். அழுத்தினால் மோட்டார் வேகம் குன்றிச் சூடேறும். மெல்லத் தொட்டு, இடையிடையே ஆறவிடுதல் வேண்டும். வெட்டுத்தட்டு சாய்ந்தால் நொறுங்கித் தெறிக்கும். ஆதலால் காப்புக்கண்ணாடி அணியாமல் ஆளியைத் தொடலாகாது. பிளாஸ்டிக்குக்குக் குறைந்த வேகமே பொருந்தும், அன்றேல் உருகிவிடும்.

கொட்டாஞ்சேனை போன்ற பகுதிகளின் பழைய வீடுகளில் இன்னொன்றையும் கவனித்தல் வேண்டும். கூரையிலுள்ள கல்நார்த் தகட்டில் மின்கம்பி நுழைக்கத் துளையிட இக்கருவி வசதியாகத் தோன்றும். அவ்வசதியே ஆபத்து. விரைந்து சுழலும் முனை கல்நாரைக் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிழைகளாக்கி வீடெங்கும் பரப்பும். சுவாசப்பையில் தங்கும் அவ்விழைகள் பல பத்தாண்டுகள் கடந்தபின்னும் புற்றுநோயை விளைவிக்கக் கூடியவை. துணி முகமூடி அவற்றைத் தடுக்காது. சாளரத்தின் மரச்சட்டத்தைத் துளைத்துக் கம்பியைக் கொண்டுசென்றால், மேலதிகமாகச் செலவாவது சில முழக் கம்பியே.