மலைப்பாதையில் பைக் ஓட்டுறீங்களா? பின் டயரை மட்டும் மாத்தினா போதாது!

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். சுற்றுலா வருபவர்களுக்கு அது ஒருநாள் சாகசம். மஞ்சக்குட்டை போன்ற மலைக்கிராமங்களிலிருந்து வேலைக்கும் கல்லூரிக்கும் மருத்துவமனைக்கும் சேலம் போய் வருபவர்களுக்கோ அது அன்றாடப் பாதை. மழை, பனிமூட்டம், சாலையில் வழிந்து கிடக்கும் செம்மண்... இத்தனைக்கும் நடுவே பைக்கைத் தரையோடு பிடித்து வைத்திருப்பவை இரண்டு டயர்கள்தான். ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடும் இடம் உள்ளங்கை அளவுகூட இருக்காது.

ஆனாலும், ``பின்னாடி பட்டன் தேஞ்சுபோச்சு. அதை மட்டும் மாத்திக்கொடுங்க" என்பதோடு பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். சமவெளியிலேயே இது நல்லதல்ல. மலையில் உயிருக்கே ஆபத்து.

முன் டயரை ஏன் மறக்கக் கூடாது?

இன்ஜினின் இழுவிசை பின் சக்கரத்துக்குத்தான் போகிறது. அதனால் பின் டயர் சீக்கிரம் தேய்கிறது. முன் டயர் பல மாதங்கள் கூடுதலாக உழைப்பதால், அது `நல்லாத்தான் இருக்கு' என்று தோன்றிவிடும்.

பிரேக் பிடிக்கும்போது கதையே மாறும். வண்டியின் எடை முன்பக்கம் சாயும். இறக்கத்தில் அது இன்னும் அதிகம். பின் சக்கரம் லேசாகிவிடுவதால், பின் பிரேக்கை மட்டும் அழுத்தினால் சக்கரம் நின்று வழுக்கும். வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் டயருடையது. ஈரமான வளைவில் அது வழுக்கினால், சமாளிக்கக் கிடைப்பது ஒரு நொடிகூட இல்லை. பின்னால் மனைவியும் குழந்தையும் இருந்தால் சொல்லவே வேண்டாம். ஏ.பி.எஸ் இருக்கும் பைக்குக்கும் இது பொருந்தும். டயரில் பிடிப்பு இல்லாவிட்டால் எந்த பிரேக்கும் முழுதாக உதவாது.

எப்போது மாற்ற வேண்டும்?

டயரின் பள்ளங்களுக்குள் குட்டி மேடுகள் இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டின் உயரத்துக்கு வந்துவிட்டால், டயரின் காலம் முடிந்தது. இருசக்கர வாகன டயருக்கு மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்லும் குறைந்தபட்ச ஆழம் 0.8 மி.மீ. மழைக்காலத்தில் மலை ஏறி இறங்குபவர்கள் அதுவரை காத்திருக்காமல் முன்கூட்டியே மாற்றுவது நல்லது. தண்ணீரை வெளியே தள்ளுவது அந்தப் பள்ளங்கள்தான்.

நேரான சாலையில் அதிகம் ஓடிய டயர், நடுவில் மட்டும் தேய்ந்து தட்டையாகிவிடும். ஓரத்தில் பட்டன் புதிதுபோல இருக்கும். இந்த டயரோடு வளைவில் வண்டியைச் சாய்த்தால், சீராகச் சாயாமல் `டபக்'கென்று விழுவதுபோல இருக்கும். அதுவும் மாற்றச் சொல்லும் அறிகுறிதான். பக்கவாட்டில் வெடிப்பு, வீக்கம் தெரிந்தாலும் தள்ளிப்போடாதீர்கள்.

எண்களைப் படியுங்கள்

உதாரணத்துக்கு, 80/100-18 54P. இதில் 80 என்பது அகலம், மி.மீட்டரில். 100 என்பது, உயரம் அகலத்தில் 100 சதவிகிதம் என்பதைக் குறிக்கிறது. 18 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 54 என்பது 212 கிலோ வரை சுமை தாங்கும் என்பதற்கான குறியீடு. P என்றால் அதிகபட்ச வேகம் மணிக்கு 150 கி.மீ.

ஸ்ப்ளெண்டர் போன்ற பைக்கில் இரண்டு டயர்களுக்கும் ஒரே அளவுதான். ஆனால், முன் டயரின் சுமைக் குறியீடு 47, அதாவது 175 கிலோ. `சைஸ் ஒண்ணுதானே' என்று முன் டயரைப் பின்னால் மாட்டக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

நான்கு இலக்கத்தில் தயாரிப்புத் தேதியும் இருக்கும். 2324 என்றால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரம். கடையில் வெகுகாலம் கிடந்த டயரின் ரப்பர் இறுகிப்போயிருக்கலாம். வாங்கும் முன் கேட்டுப் பாருங்கள்.

அகலமான டயர் வேண்டுமா?

பார்க்க கெத்தாக இருக்கும். ஆனால், குறுகிய ரிம்மில் மாட்டினால் டயரின் வடிவமே மாறும். மைலேஜ் குறையும். வண்டியைச் சாய்த்துத் திருப்புவது சிரமமாகும். கம்பெனி சொன்ன அளவே அன்றாட ஓட்டத்துக்குப் போதும்.

அலாய் வீல் என்றால், ட்யூப்லெஸ்ஸுக்கு ஏற்ற ரிம்மா என்று பார்த்துவிட்டு ட்யூப்லெஸ் டயர் போடலாம். ஆணி குத்தினாலும் காற்று மெதுவாகத்தான் இறங்கும். சாதாரண ஸ்போக்ஸ் வீலுக்கு ட்யூப் அவசியம். டயரோடு ட்யூபையும் மாற்றிவிடுங்கள். டயரில் உள்ள அம்புக்குறி, சக்கரம் சுழலும் திசையில் இருக்கிறதா என்பதையும் கடையிலேயே சரிபாருங்கள்.

புது டயரா? நிதானம்!

புது டயரின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். முதல் 150 கி.மீ வரை வளைவில் அதிகம் சாய்க்காமல், திடீர் பிரேக் பிடிக்காமல் ஓட்டுங்கள். காற்றழுத்தத்தை வாரம் ஒருமுறை, டயர் சூடாகும் முன் பாருங்கள். பின்னால் ஆள் ஏறினால் எவ்வளவு காற்று வேண்டும் என்பது வண்டியின் கையேட்டிலேயே இருக்கும்.

இரண்டு டயர்களும் தேய்ந்து, இரண்டையும் வாங்க இந்த மாதம் பணம் இடிக்கிறதா? வாங்கும் வரை மலை இறங்க பஸ்ஸில் போங்கள். டயருக்கு ஆகும் செலவு, ஆஸ்பத்திரி செலவைவிட எப்போதும் குறைவுதான்!