ஆசியாவின் வடகோடியை அளந்த மாலுமி

ஆசியப் பெருநிலம் வடக்கே எங்கே முடிகிறது? ரஷ்யாவின் டைமிர் தீபகற்பத்தில், செல்யூஸ்கின் முனையில். வட அட்சம் 77 டிகிரி 43 நிமிடம், கிழக்குத் தீர்க்கம் 104 டிகிரி 18 நிமிடம். அங்கே போய் முதன்முதலில் அளந்தவரின் பேச்சை நூறாண்டுக்குப் பிறகும் சிலர் நம்பவில்லை.

செமியோன் செல்யூஸ்கின் ரஷ்யக் கடற்படை மாலுமி. கப்பலுக்குத் திசையும் இடமும் கணித்துச் சொல்வது அவர் வேலை. 1736-ல் முனையை நெருங்கிய அவரது கப்பலைப் பனிக்கட்டி மறித்தது. கப்பல் தலைவர் புரோன்சிஷ்செவும் அவருடைய மனைவியும் அந்தப் பயணத்திலேயே இறந்தார்கள். 1740-ல் லாப்தேவ் தலைமையில் மறுமுயற்சி. கப்பலே பனியில் நொறுங்கிப்போனது. கடல் விடவில்லை என்றதும் நாய் பூட்டிய சறுக்குவண்டியில் கரையோரமாகவே கிளம்பினார்கள். 1742 மே மாதம் செல்யூஸ்கின் முனையை எட்டினார். கையோடு கொண்டுபோன மரக்கம்பத்தை அடையாளமாக நட்டுவிட்டு, சுமார் ஒரு மணி நேரத்தில் புறப்பட்டுவிட்டார். அவர் குறித்த அட்சம் 77 டிகிரி 34 நிமிடம்.

அட்சம் காண வழி எளிது. நண்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து எத்தனை டிகிரி உயரத்தில் நிற்கிறது என்று அளந்து, அந்த நாளுக்குரிய அட்டவணையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். அங்கே மே மாத நண்பகலில்கூட அந்த உயரம் முப்பத்திரண்டு டிகிரிதான். குளிர்காற்றில் ஒளி வளைவதற்கும் திருத்தம் போட வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், நிலமும் கடலும் ஒரே வெண்பனிக்கு அடியில் கிடந்ததுதான். கரை எங்கே முடிகிறது என்பதையே ஊகிக்க வேண்டியிருந்தது. தீர்க்கரேகை இன்னும் கடினம். நம்பகமான கடல் கடிகாரம் அப்போது இல்லை; வண்டி ஓடிய தூரத்தையும் திசையையும் வைத்தே கணக்குப் போட்டாக வேண்டும்.

அத்தனைக்கும் நடுவில் அட்சத்தில் அவருக்கு நேர்ந்த பிழை ஒன்பது நிமிடம், அதாவது சுமார் பதினேழு கிலோமீட்டர். எனக்கு இது வியப்பான துல்லியம். ஆனால், பயணம் சலித்துப் பாதியில் திரும்பியவர் எழுதிய பொய் என்றே பின்னால் சிலர் சந்தேகித்தார்கள்.

1878 ஆகஸ்ட் 19 அன்று ஸ்வீடன் நாட்டு ஆய்வுக் குழுத் தலைவர் நோர்டென்ஷோல்டின் ‘வேகா’ நீராவிக் கப்பல் அங்கே நங்கூரமிட்டது. ஆசியாவின் வடமுனையைத் தொட்ட முதல் கப்பல்களில் ஒன்று அது. குழுவினர் கரையிறங்கி, வானியல் முறையில் இடத்தை அளந்தார்கள். பனி விலகிய கோடை என்பதால் முனையின் வடிவமும் தெரிந்தது: இடையே சிறு விரிகுடா, இருபுறமும் தாழ்ந்த நிலநாக்குகள், கிழக்கே இருப்பதுதான் கொஞ்சம் கூடுதல் வடக்கு. செல்யூஸ்கின் சொன்ன நிலம் சொன்ன இடத்தருகே இருந்தது.

இரு குழுவினருக்குமே தெரியாத ஒன்று எதிரே இருந்தது. முனைக்கு வடக்கே, நீரிணைக்கு அப்பால், செவர்னயா செம்ல்யா என்ற பெரிய தீவுக்கூட்டம். 1913-ல்தான் ரஷ்யக் கடற்படை அதிகாரி வில்கிட்ஸ்கியின் குழு அதைக் கண்டது. அதன் வடகோடி 81 டிகிரியையும் தாண்டுகிறது. ஆசியாவின் வடமுனை என்று எழுதும்போது ‘பெருநிலத்தின்’ என்ற சொல்லையும் சேர்க்க வேண்டியிருப்பது அதனால்தான்.